புது சீசனுக்காக ஆண்டுச் சந்தா கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

பிடித்த தொடரின் அடுத்த சீசன் வருகிறது என்று ஓடிடி செயலிக்குச் சந்தா கட்டத் தயாராக இருப்பவர்கள், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். நான் அவசரப்பட்டுக் கட்டினேன். ஒரு வருடப் பணம் போனது, அதற்கு மேலும் போனது. எதற்காகக் கட்டினேனோ அதைக் கடைசி வரை பார்க்கவும் முடியவில்லை.

நானும் என் தங்கையும் அந்தத் தொடருக்காக மூன்று வருடம் காத்திருந்தோம். தொடரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே சொல்லவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் சீசன், ஒரு கதவு மெல்லத் திறக்கும் இடத்தில் முடிந்திருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று எத்தனை இரவு பேசியிருப்போம்! டீசரில் மூன்று விநாடி வரும் ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சுவரில் தெரியும் நிழல் யாருடையது என்று சண்டைகூடப் போட்டிருக்கிறோம். இப்படிக் காத்திருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஏதோ ஒன்றைப் பார்த்துப் பொழுதைப் போக்குபவர் இதில் மாட்ட மாட்டார். ஒரு தொடரை மனதார நேசிப்பவர்தான் மாட்டுவார்.

இப்போது காத்திருப்பே நீண்டுவிட்டது. 'செவரன்ஸ்' முதல் சீசன் 2022 பிப்ரவரியில் வந்தது, இரண்டாவது 2025 ஜனவரியில்தான் வந்தது. 'ஸ்குவிட் கேம்' 2021 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த சீசனுக்கு 2024 டிசம்பர் வரை காக்க வைத்தது. 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் மே முதல் செப்டம்பர் வரையும், நடிகர்கள் ஜூலை முதல் நவம்பர் வரையும் வேலைநிறுத்தம் செய்ததில் பல தொடர்கள் இன்னும் தள்ளிப் போயின. (அவர்கள் கேட்டது நியாயமான கூலி. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.) இவ்வளவு நாள் காத்தவரிடம் தேதியைச் சொன்னால், அவர் நிபந்தனைகளை வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். நானும் படிக்கவில்லை.

வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பு அந்தச் செயலியைத் திறந்ததுமே முழுத் திரைக்கும் புது சீசனின் படம். அதற்குக் கீழே ஒரே ஒரு பொத்தான்: ஆண்டுச் சந்தா எடுங்கள். மாதச் சந்தா எங்கே என்று தேடினால் நாலு பக்கம் உள்ளே இருந்தது. ஆண்டுச் சந்தா மலிவாகவும் தெரிந்தது. சரி, எப்படியும் பார்க்கத்தானே போகிறோம் என்று கட்டிவிட்டேன். என் தங்கைக்கு எதையும் படம்பிடித்து வைக்கும் பழக்கம் உண்டு. அந்தப் பக்கத்தை அவள் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். இன்றைக்கு எங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

வெளியான வெள்ளிக்கிழமை இரவு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். ரிமோட் தங்கையின் கையில் இருந்தது. முதல் எபிசோடின் மேல் போய் நின்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அக்கா, இதுல பூட்டுப் படம் போட்டிருக்குக்கா."

நகத்தளவுகூட இல்லாத ஒரு சின்னப் பூட்டு. அதை அழுத்தினால், இந்த சீசன் ஒரு 'கூடுதல் சேனலில்' இருக்கிறது, அதற்குத் தனி மாதச் சந்தா என்று வந்தது. நாங்கள் கட்டிய ஆண்டுச் சந்தாவில் முதல் இரண்டு சீசன்கள் மட்டும்தான். ஒரு செயலிக்குள்ளேயே வேறு நிறுவனங்களின் சேனல்களைத் தனியாக விற்பது இப்போது பல இடங்களில் இருக்கிறது. அதில் தவறில்லை, ஆனால் பணம் வாங்கும் பக்கத்தில் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டோம். கூடுதல் சந்தா என்ற வார்த்தையே அதில் இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், அதே பக்கத்தில் சாம்பல் நிற எழுத்தில் அந்த வரி புதிதாக முளைத்திருந்தது.

அந்தச் சேனலுக்கு ஏழு நாள் இலவசம் என்றார்கள். கையில் ரிமோட், எதிரில் மூன்று வருடம் காத்த கதை. எடுத்துவிட்டோம்.

மொத்தம் எட்டு எபிசோடு. முதல் நாள் இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. ஏழு நாள் இலவசம் வியாழன் இரவு முடிகிறது, மூன்றாவது எபிசோடு வெள்ளிக்கிழமை வருகிறது. கடைசி எபிசோடு வருவது முதல் நாளிலிருந்து 42 நாள் கழித்து. இலவச ஏழு நாளும் ஒரு மாதச் சந்தாவும் சேர்ந்தால் 37 நாள். ஐந்து நாள் குறைகிறது. கடைசி எபிசோடைப் பார்க்க இன்னொரு மாதம் கட்ட வேண்டும். இதை நான் கண்டுபிடித்தபோது உண்மையிலேயே வயிறு எரிந்தது.

இந்த நாள் கணக்கு எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' கடைசி சீசன் 2025இல் மூன்று துண்டாக வந்ததே, நினைத்துப் பாருங்கள். நவம்பர் 26இல் நான்கு எபிசோடு, டிசம்பர் 25இல் மூன்று, டிசம்பர் 31இல் கடைசி ஒன்று. முதல் நாளே மாதச் சந்தா எடுத்தவருக்கு 35 நாள் கணக்கு, அதாவது இரண்டு மாதப் பணம். 'செவரன்ஸ்' இரண்டாம் சீசனின் பத்து எபிசோடுகள் ஜனவரி 17 தொடங்கி மார்ச் 21 வரை வாரம் ஒன்றாக வந்தன, அது மூன்று மாதப் பணம். எல்லாம் வந்து முடிந்த பிறகு எடுத்தவருக்கு ஒரு மாதம் போதும். கதையை முன்கூட்டியே போட்டு உடைக்கும் ஸ்பாய்லர் கண்ணில் படாமல் அத்தனை நாள் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இலவசத்தை இப்போதே ரத்து செய்துவிடுவோம், எட்டும் வந்த பிறகு ஒரு மாதம் எடுத்துக்கொள்வோம். ஆறாவது நாள் டிவியிலேயே ரத்து செய்யப் போனேன். முதல் பக்கத்தில் நாயகியின் முகத்தைப் பெரிதாகப் போட்டு, நீங்கள் இதையெல்லாம் இழக்கப் போகிறீர்கள் என்று ஒரு பட்டியல். அடுத்த பக்கத்தில் 'உங்களைப் பிரிவதில் வருந்துகிறோம்' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று வெளியே வந்துவிட்டேன். முடியவில்லை. அந்தப் பக்கத்தில் கீழே இறங்கினால் 'சலுகையோடு தொடர்க' என்று ஒரு நீலப் பொத்தான், அதற்கும் கீழே பொத்தான் போலவே தெரியாத எழுத்தில் 'ரத்தை உறுதி செய்க'. டிவித் திரையில் கீழே உருட்டினால்தான் அது கண்ணில் படும். எட்டாவது நாள் காலையில் வங்கியிலிருந்து பணம் எடுத்த குறுஞ்செய்தி வந்தது.

ரத்து செய்ததற்கு மின்னஞ்சல் வந்ததா என்று பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அந்த மின்னஞ்சல் வராதவரை ரத்து ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். செயலியை நீக்கினாலும் சந்தா நிற்காது. அதோடு, பணம் யார் வழியாகப் போகிறது என்று பாருங்கள். சந்தாவை போனின் ஆப் ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால் அங்கேயேதான் ரத்து செய்ய முடியும், டிவி நிறுவனத்தின் வழியாக என்றால் அவர்கள் கணக்கில்தான்.

ரத்து செய்வதைச் சிரமமாக்கி வைப்பது பெரிய வழக்காகவே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 ஜூனில் அமேசான் மீது பிரைம் சந்தா விஷயமாக வழக்குத் தொடுத்தது. கேட்காதவர்களையும் சந்தாவில் சேர்த்தார்கள், வெளியேற நினைத்தவர்களைப் பக்கம் பக்கமாக அலையவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த ரத்து நடைமுறைக்கு நிறுவனத்துக்குள்ளேயே 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்களாம், அந்த நீண்ட போர்க் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 250 கோடி டாலர் தர அமேசான் சம்மதித்தது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம். எனக்கு நடந்தது வேறொரு நிறுவனத்தில். ஆனால் இந்தச் செய்தியைப் படித்த பிறகுதான், தவறு என் கவனக்குறைவு மட்டுமில்லை, அந்தப் பக்கங்களை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

இதற்கு நடுவே இன்னொன்றும் நடந்தது. எங்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று அம்மா முதல் சீசனைத் தொடங்கியிருந்தார். தினமும் ஒரு எபிசோடு பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு பொய் சொல்றாடி, பாத்துக்கோ" என்று எங்களிடம் வந்து சொல்வார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கும். ஆறாவது எபிசோடு வரை வந்தார். மாதம் முடிந்த மறுநாள் முதல் சீசனையே காணோம். உரிமம் முடிந்துவிட்டதாம். ஆண்டுச் சந்தா கட்டிய எங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

சொந்தத் தயாரிப்பு என்றாலும் நம்ப முடியாது. ஹெச்பிஓ தானே எடுத்த 'வெஸ்ட்வேர்ல்ட்' தொடரை 2022 டிசம்பரில் தங்கள் செயலியான ஹெச்பிஓ மேக்ஸிலிருந்தே நீக்கிவிட்டார்கள். டிஸ்னி பிளஸில் 'வில்லோ' தொடர் 2023 ஜனவரியில் முடிந்தது, அதே மே மாதம் நீக்கப்பட்டது. பாதியில் விளம்பரம் நுழைவதும் நடக்கும். பிரைம் வீடியோவில் 2024 ஜனவரி முதல் சில நாடுகளில் அப்படித்தான் ஆனது, ஏற்கெனவே பணம் கட்டியிருந்தவர்களுக்கும் சேர்த்து. ஆண்டுச் சந்தா என்றால் ஒரு வருடப் பணத்தை அவர்கள் முதல் நாளே வாங்கிக்கொள்கிறார்கள். அந்த வருடம் முழுக்க என்ன இருக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுப்பதில்லை.

வாடிக்கையாளர் சேவையில் அரட்டைப் பெட்டி மட்டும்தான். முதலில் ஒரு தானியங்கி, அது கேட்டதையே நாலு தடவை கேட்டது. பிறகு ஒரு மனிதர் வந்தார், மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கள் இரண்டு எபிசோடு பார்த்திருக்கிறீர்கள், அதனால் பணம் திரும்பாது" என்றார். அந்த இரண்டையும் இலவச நாளில்தானே பார்த்தோம் என்று கேட்டேன். உரையாடல் முடிந்தது என்று பெட்டி மூடிக்கொண்டது.

கடைசியாகச் சொல்வதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. கோபத்தில் என் தங்கை அந்த நிறுவனத்தின் உதவி எண் என்று இணையத்தில் தேடியிருக்கிறாள். முதலில் வந்த எண்ணுக்கே போன் போட்டுவிட்டாள். எடுத்தவர் எங்கள் பிரச்சினையை அவ்வளவு பொறுமையாகக் கேட்டார். "கவலைப்படாதீங்க மேடம், ரீஃபண்ட் ரெடியா இருக்கு, ஒரு சின்ன ஆப் மட்டும் போட்டுக்கோங்க" என்றார். அவள் போட்டும் விட்டாள். போனின் திரையை அப்படியே அடுத்தவருக்குக் காட்டும் செயலி அது. அடுத்து, பணம் வந்து விழுவதைப் பார்க்க வங்கிச் செயலியைத் திறக்கச் சொன்னார். அந்த நேரம் நான் அறைக்குள் வந்தேன். போனைப் பிடுங்கி அணைத்தேன். அவள் கை அரை மணி நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

தயவுசெய்து உதவி எண்ணை இணையத்தில் தேடாதீர்கள், செயலிக்குள்ளேயே உதவிப் பக்கத்தில் மட்டும் பாருங்கள். அங்கே எண் இல்லை என்றால் அவர்களுக்கு எண்ணே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தர யாருக்கும் உங்கள் திரையும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. உங்களில் யாராவது ஏற்கெனவே அப்படி ஒரு செயலியைப் போட்டிருந்தால், இணைய இணைப்பைத் துண்டித்து, அந்தச் செயலியை நீக்கி, வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். நாங்கள் அன்றிரவே அதைத்தான் செய்தோம், கடவுச்சொற்களையும் மாற்றினோம். பணம் எதுவும் போகவில்லை.

கூடுதல் சேனலின் ஒரு மாதம் அதற்குள் ஓடிக்கொண்டிருந்ததால், ஏழாவது எபிசோடு வரை பார்த்தோம். இந்தத் தடவை போனில் போய், கடைசிப் பக்கத்தின் அடிவரை இறங்கி ரத்து செய்தேன், மின்னஞ்சலும் வந்தது. ஆண்டுச் சந்தாவுக்குத் தங்கையின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. முடிவு வந்ததும் இந்தப் பதிவிலேயே சேர்க்கிறேன்.

எட்டாவது எபிசோடை இன்னும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்து இது எந்தத் தொடர் என்று கண்டுபிடித்துவிட்டால், முடிவை மட்டும் எங்களிடம் சொல்லிவிடாதீர்கள்.