ஒகேனக்கல் போகிற வழியில் விட்டுப்போனவை

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றதும் வெளியூர்க்காரர் நினைப்புக்கு வருவது ஒகேனக்கல் ஒன்றுதான். பரிசலில் ஒரு சுற்று, எண்ணெய்க் குளியல், பொரித்த மீன், சாயங்காலம் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காவிரியில் வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், குளிக்கவும் விடமாட்டார்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது என்று செய்தியில் பார்க்காமல் கிளம்பி, தூரத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிற குடும்பங்கள் ஆடி மாதத்தில் நிறைய. அப்படி ஏமாந்த நாளில் மட்டுமல்ல, நல்ல நாளிலேயே வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டிய சில இடங்கள் இந்த இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. எல்லாமே கல். அதனால் எதைப் பார்ப்பது என்பதைவிட எந்த நேரத்தில் பார்ப்பது என்பதே இங்கே முக்கியம்.

முதல் இடம் ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சுமார் 30 கி.மீ. பெங்களூரிலிருந்து ஓசூர், பாலக்கோடு வழியாக ஒகேனக்கல் போகிறவர்கள் இந்த மலையின் அடிவாரத்தைத் தொட்டுத்தான் போகிறார்கள், நிமிர்ந்து பார்ப்பதில்லை. சேலம் – பெங்களூரு ரயில் பாதையில் ராயக்கோட்டைக்கு ஸ்டேஷனே உண்டு. எக்ஸ்பிரஸ்களை நம்ப வேண்டாம், பாசஞ்சர் வண்டி நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்கு நிதானமாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். கீழே படிகள், மேலே போகப்போக வெறும் பாறைச் சரிவு. காலை ஆறரைக்குள் ஏறத் தொடங்கி, பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் பாறை சுடும், ஒதுங்க மர நிழல் அதிகம் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை. சுனைத் தண்ணீர் பச்சையாக இருக்கும், அது பார்ப்பதற்கு மட்டும். ஓரம் பாசி பிடித்து வழுக்கும் என்பதால் கால் நனைக்கிற ஆசையையும் விட்டுவிடுங்கள். மழை பெய்த மறுநாள் ஏறாமலிருப்பது நல்லது. செருப்பு போதாது, அடிப்பகுதி தேயாத ஷூ வேண்டும். ஏறும்போது தெரியாத வழுக்கல் இறங்கும்போதுதான் தெரியும். பாறை இடுக்குகளில் மலைத்தேனீ கூடு இருந்தால் சத்தமில்லாமல் தள்ளிப் போய்விடுங்கள். பீடி, சிகரெட் புகையும் தூக்கலான சென்ட்டும் அவற்றைக் கிளப்பிவிடும்.

மேலே என்ன இருக்கிறது? வாசல்கள், மதில் துண்டுகள், சுனைகள், கூரை போன செங்கல் கட்டடங்கள். விளக்கப் பலகையை எதிர்பார்த்து வருகிறவருக்கு ஏமாற்றம்தான், அதனால் கதையைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. 1791இல் திப்புவுடன் நடந்த சண்டையில் ஆங்கிலேய மேஜர் கௌடி என்பவரின் படை கீழ்க்கோட்டையைப் பிடித்ததும் மேல்கோட்டை பணிந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு ஆங்கிலேய அதிகாரி மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக் கோட்டையில் ஏணி வைத்துப் பார்த்தார். மேலிருந்து பாறைகளை உருட்டிவிட்டார்கள், ஏணிகள் உடைந்தன, வந்த வழியே திரும்பினார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில்தான் பாராமகால் என்று அப்போது வழங்கிய இந்தப் பகுதி முழுவதும் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே நின்று சுற்றிலும் பார்த்தால், கணவாய்க்குள் வருகிற படையை முன்கூட்டியே கண்டுகொள்ள ஏன் இந்தக் குன்றைப் பிடித்தார்கள் என்பது யாரும் சொல்லாமலே புரியும். பத்துக்கு எட்டு கொடுக்கலாம். பராமரிப்புக்காக ஒன்று, கழிப்பறைக்காக ஒன்று, ஆக இரண்டு குறைகிறது.

இறங்கியதும் ஊருக்குள் தக்காளி மண்டி. வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பெட்டி பெட்டியாக லாரி ஏறுவதை ஒரு டீயோடு பார்க்கலாம்.

மேக்ஸ்வெல் தோற்ற கிருஷ்ணகிரி மலை சையத் பாஷா மலை என்று வழங்குகிறது, உச்சியில் தர்கா. ஏற்றம் ராயக்கோட்டையைவிடக் கடினம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ராயக்கோட்டை போதும். கிருஷ்ணகிரியில் பார்க்க வேண்டியது காந்தி ரோட்டில் உள்ள அரசு அருங்காட்சியகம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், வெயில் நேரத்துக்குச் சரியான இடம். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் பூட்டு. வார விடுமுறைக்கு வந்து இரண்டாம் சனிக்கிழமையில் மாட்டுகிறவர்கள் பலர், காலண்டரைப் பாருங்கள். மாவட்டத் தலைநகராக இருந்தும் ஊருக்கு ரயில் கிடையாது, பஸ்தான் கதி. கே.ஆர்.பி. அணைக்கு (கிருஷ்ணகிரி அணை) போனால் பூங்காவும் மீன் வறுவலும் உண்டு. பிள்ளைகள் கூட இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

அதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் சொந்த வண்டி உள்ளவர்களுக்கு. பாறைமேல் கூட்டம் கூட்டமாகப் பெருங்கற்காலக் கற்திட்டைகள் (இறந்தவர்களுக்காகக் கல்லால் எழுப்பியவை), ஊரார் பேச்சில் பாண்டவர் வீடு. நான்கு பலகைக் கற்களை ஒன்றையொன்று தாங்கும்படி நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். ஒரு பக்கத்துக் கல்லில் இடுதுளை என்கிற வட்டமான ஓட்டை. சில திட்டைகளைச் சுற்றிப் பலகைக் கற்களே வேலிபோல நிற்கும். சாந்து எதுவும் இல்லை, எடையும் சாய்வும்தான் பிடித்து நிறுத்துகின்றன. அதனால்தான் மூடுகல்மேல் ஏறிப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்வது. ஒரு கல் நகர்ந்தால் மற்ற மூன்றும் சரியும். இதே மாவட்டத்தில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தபோது தமிழ்நாடே பேசியது. ஆனால் அகழாய்வு முடிந்த குழிகளை மூடிவிடுவதுதான் வழக்கம். ஆர்வமுள்ளவர் அறிக்கையைப் படிக்கலாம், சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு அங்கே கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

தர்மபுரிக்கு வந்தால் கோட்டைக் கோயில். அதியமானின் தகடூர் இதுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்கூட ஊருக்குள்ளேயே இப்படியொரு கோயில் இருப்பதை அறிவதில்லை. மல்லிகார்ஜுனர் கோயிலும் கல்யாண காமாட்சி சன்னதியும் ஒரே வளாகம், நுளம்ப அரசர்கள் காலக் கைவேலை. மண்டபத்தில் தொங்கும் தூணைத்தான் எல்லாரும் கேட்டு வருவார்கள். தரைக்கும் தூணுக்கும் நடுவே மெல்லிய துணியோ செய்தித்தாளோ நுழைந்து மறுபக்கம் வரும். தூண் மேலிருந்து பிடிப்பில் நிற்கிறது, பாரத்தைப் பக்கத்துத் தூண்களும் உத்தரங்களும் வாங்கிக்கொள்கின்றன. தள்ளிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

ஆனால் தூணோடு திரும்புகிறவர் பாதிதான் பார்த்திருக்கிறார். காமாட்சி சன்னதியின் அதிட்டானத்தை, அதாவது அடிப்பீடத்தைச் சுற்றிக் குனிந்து பார்க்க வேண்டும். அங்கே ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையில் ஓடுகின்றன. நின்ற உயரத்தில் பார்த்தால் வெறும் அலங்காரப் பட்டைபோலத் தோன்றும், முட்டி போட்டு உட்கார்ந்தால்தான் ஆள் அடையாளம் தெரியும். செல்போன் டார்ச்சை நேரே அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நிழல் விழுந்து குரங்கின் வாலும் வில்லின் வளைவும் எழுந்து வரும். எண்ணெயும் குங்குமமும் படிந்த இடங்களை விரலால் தேய்க்காதீர்கள். படம் எடுக்கும் முன் குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலை பத்துக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பிறகோ வாருங்கள். பத்துக்கு ஒன்பது.

சேலம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் அதியமான்கோட்டை. காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் சாம்பல் பூசணி விளக்கேற்ற வரும் கூட்டத்தில் நகர முடியாது. வேண்டுதல் இல்லாதவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம். அதே ஊரில் சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் உள்ளன, கூட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. மங்கியிருக்கின்றன, கண் பழக ஐந்து நிமிடம் ஆகும். தயவுசெய்து ஃப்ளாஷ் வேண்டாம்.

தீர்த்தமலைக்குத் தனி நாள் ஒதுக்க வேண்டும். அரூரிலிருந்து பஸ். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் மொரப்பூரில் இறங்கி அரூர் வந்துவிடலாம், தர்மபுரி வரை போய்த் திரும்புவது வீண் அலைச்சல். அடிவாரத்தில் ஒரு கோயில், மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர். மேலே பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் தலையில் விழும்படி கொட்டுகிறது. அனுமன் கங்கை நீரோடு வரத் தாமதமானதால் ராமர் அம்பெய்து வரவழைத்தார், கோபத்தில் அனுமன் வீசிய குடம் விழுந்த இடம் தென்பெண்ணைக் கரை அனுமன்தீர்த்தம் என்பது தலபுராணம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பிளாஸ்டிக் கவரில் வேண்டாம். கவர் சலசலத்தால் தின்பண்டம் என்று குரங்கு பிடுங்கிவிடும். ஜிப் வைத்த பை, முன்பக்கம் மாட்டியபடி. கண்ணாடி போட்டவர்கள் கையில் கழற்றி வைத்துக்கொள்வதும் தப்பில்லை.

சாப்பாட்டுக்கு பைபாஸ் பெரிய ஓட்டல்களைத் தேட வேண்டாம். கேழ்வரகுக் களி போடுகிற சின்ன மெஸ் எதிலாவது உட்காருங்கள். களியை மென்றால் ருசிக்காது. கிள்ளி, கீரைக் கடைசலிலோ நாட்டுக்கோழிக் குழம்பிலோ தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். நேரம் கடந்து போனால் களி தீர்ந்து சோறுதான் மிஞ்சியிருக்கும். மாம்பழக் காலத்தில் வந்தால் ரோட்டோரக் கடையில் பெங்களூரா ரகத்தைக் காட்டி ‘இனிப்பு’ என்பார்கள். அது பெரும்பாலும் மாங்கூழ் ஆலைக்குப் போகிற ரகம். சாப்பிட செந்தூரா, அல்போன்சா, மல்கோவா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். காம்புப் பக்கம் முகர்ந்து வாசனை வராமல் ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் வாங்க வேண்டாம்.

ஒரே நாள்தான் கையில் என்றால்: விடிந்ததும் ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக மதியம் தர்மபுரியில் களி, வெயில் தாழும்வரை ஓய்வு, ஐந்து மணிக்குக் கோட்டைக் கோயில். மாற்றிப் போட்டால் சுடும் பாறையும் சாத்திய கதவும்தான் கிடைக்கும்.