சோடாக் கேனுக்கு வெல்டிங் ரெகுலேட்டர்: மண்டபத்தில் நான் ஏமாந்த கதை

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிற வண்டிகள் எங்கள் மண்டபத்தைத் தாண்டித்தான் பாம்பன் பாலம் ஏற வேண்டும். அதை நம்பி கடை வாசலில் நன்னாரி சோடாவும் பன்னீர் சோடாவும் போட இறங்கினேன். மதுரையில் ஒரு கடையில் 19 லிட்டர் ஸ்டீல் கேன் இரண்டு, கரியமில வாயு சிலிண்டர், வாயு அழுத்தத்தைக் குறைத்துவிடும் ரெகுலேட்டர், டியூப் எல்லாம் சேர்த்து 31,500 ரூபாய். பில்லில் ‘சோடா செட்’ என்றே எழுதிக் கொடுத்தார்கள். இந்தச் சொல் பின்னால் உதவும்.

தண்ணீரை ஐஸில் நன்றாகக் குளிரவைத்து ரெகுலேட்டரில் அழுத்தத்தை 30 பிஎஸ்ஐ வைத்தால் போதும், ராத்திரி விட்டுவிட்டால் காலையில் சோடா தயார் என்றார்கள். காலையில் ஏற்றி மாலையில் திறந்தால் சப்பென்று வெறும் தண்ணீர். ராத்திரி முழுக்க விட்டால் குழாயைத் தொட்டதும் பாதி நுரையாகப் பீய்ச்சும். விடிகாலையில் கேன் மூடியின் சேஃப்டி வால்வு புஸ்ஸென்று ஊதும். சிலிண்டர் ஒன்பதே நாளில் காலி.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். “அண்ணே, உங்க ஊரு உப்புத் தண்ணி. அதுல கேஸ் எங்க ஏறும்?” என்றார். இந்தப் பக்கத்துக்காரன் எதைப் பற்றி முறையிட்டாலும் பதில் உப்புத் தண்ணீர்தான். நான் ஊற்றியது ஆர்.ஓ. தண்ணீர் என்றதும் மெக்கானிக்கை அனுப்பினார். அவர் சிலிண்டர் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிட்டு 800 ரூபாய் வாங்கிப் போனார். அந்த இடத்தில் வாயுவை அடைப்பது உள்ளே இருக்கிற வாஷர். மரையில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பயனில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டாம் முறை வந்து ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களை எல்லாம் மாற்றி 1,200.

நியூசிலாந்தில் இருக்கிற என் சித்தப்பா மகன் வீட்டிலேயே பீர் போட்டு இதே மாதிரிக் கேனில் ஏற்றுகிறவன். அங்கே அது சட்டப்படி செல்லும். வீடியோ காலில் அவன் கேனையே பார்க்கவில்லை. “அண்ணே, ரெகுலேட்டர்ல ரெண்டாவது மீட்டரைக் கிட்டக் காட்டுங்க” என்றான். மீட்டரில் பிஎஸ்ஐ என்று ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். அடியில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அச்சடித்திருந்தது. வெல்டிங் பட்டறை ரெகுலேட்டர்!

வெல்டிங்குக்கு வாயு நிற்காமல் ஓடவேண்டும். அதற்காக வெளிவாயில் ஒரு நுண்ணிய துளை வைத்து, எவ்வளவு ஓடுகிறது என்று மீட்டர் காட்டும். அந்த 30 அழுத்தத்தின் கணக்கே இல்லை. துளைக்கு உள்பக்கம், ரெகுலேட்டருக்குள், அழுத்தம் அதைவிட அதிகம். மூடிய கேனுக்குள் வாயு மெதுவாகத்தான் நுழையும், அதனால் மாலையில் சப்பென்ற சோடா. ராத்திரி முழுக்க விட்டால் அந்த முழு அழுத்தமும் கேனில் ஏறிவிடும். டயர்க் கடையில் கேஜ் வாங்கிக் கேனில் மாட்டிப் பார்த்தேன். 85 பிஎஸ்ஐ.

இதில் வயிற்றைக் கலக்கியது வேறு. கடைக்குள் தரையில் படுக்கிற பையன், தினம் காலையில் தலைவலி என்பான். செல்போன் பார்க்காதே என்று திட்டியிருக்கிறேன். வால்வு ஊதிய வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். 4 கிலோ வாயு வெளியேறினால் 2,000 லிட்டருக்கு மேல் வரும். ஷட்டர் இறக்கிய சின்னக் கடைக்கு அது உயிர் போகிற அளவு. இப்போது சிலிண்டர் வெளியே நிழலில், நிமிர்த்திச் சங்கிலி போட்டு நிற்கிறது.

சிலிண்டர் பக்க மீட்டரையும் நம்பாதீர்கள். உள்ளே திரவம் மிச்சமிருக்கிற வரை நிறையவோ கொஞ்சமோ முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். 28 டிகிரியில் ஏறத்தாழ 70 பார். எவ்வளவு இருக்கிறது என்று தெரிய எடைதான் போடவேண்டும். கழுத்தில் வெறும் சிலிண்டரின் எடை வெட்டியிருக்கும். அடுத்து நிரப்பி வந்த சிலிண்டரைப் பக்கத்துக் கருவாட்டுக் கடைத் தராசில் ஏற்றினேன். 9 கிலோவுக்குப் பில், உள்ளே 5.5 கிலோ.

மதுரைக் கடைக்காரர் கடைசியாகச் சொன்னது: “சோடாவுக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே.” பில்லைப் படம் எடுத்து அனுப்பியதிலிருந்து போன் எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்துவிட்டு, ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. கடைக்கு வாங்கியதாயிற்றே என்று தயங்கினேன். பிழைப்புக்கான சுயதொழில் என்றால் செல்லும்.

எதிர்ப் பட்டறைக்காரர் அந்த ரெகுலேட்டரை 600 ரூபாய்க்குக் கேட்கிறார். அவருக்கு அருமையாக வேலை செய்யுமாம். வழக்கு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.