இறக்கிய சில்வராடோவில் போட் இழுக்க ஸ்லாம்ஏர், ஒரு வருடத்துக்குப் பிறகு

பிக்கப்பின் சஸ்பென்ஷனை மாற்றி உயரத்தை இறக்கிவிட்டால் ட்ரெய்லர் இழுக்க முடியாது என்று ஹியூஸ்டனில் எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. பின்பக்கம் ஸ்லாம்ஏர் என்ற காற்றுப் பைகளை மாட்டி, ஒரு வருடமாக இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வண்டி 2015 சில்வராடோ 1500, டூ வீல் டிரைவ், முன்னால் 2 இன்ச், பின்னால் 4 இன்ச் இறக்கியது. மாதம் இரண்டு தடவையாவது லேக் கான்ரோவுக்குப் போட் போகும், ட்ரெய்லரோடு சேர்த்து சுமார் 4,000 பவுண்டு.

முதலில் வேலை செய்தவர்கள் பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக்கிளையும் ஹேங்கரையும் மாற்றி, பின் அச்சு (ஆக்ஸில்) ஃபிரேமில் இடிக்காமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பைப் பாதியாக அறுத்து, அவ்வளவுதான் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். காலியாக ஓட்டினால் அருமையாக இருந்தது. போட்டை மாட்டிக்கொண்டு ஐ-45 நெடுஞ்சாலையில் ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறியபோது பின்னால் சுத்தியலால் அடித்த மாதிரி 'டங்'. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஃபிரேமின் அடியில் ஆக்ஸில் இடித்த இடத்தில் பெயிண்ட் போய், பிறை வடிவில் வெறும் இரும்பு பளபளவென்று தெரிகிறது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, பின் சீட்டில் என் மகன் இருந்தான்.

ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச்சில் உட்காரும். என் கணக்குக்கு 400 முதல் 600 பவுண்டு, அதுவும் ஆக்ஸிலுக்குப் பின்னால். இறக்கிய வண்டியில் ஆக்ஸில் மேலே போக இடமே கொஞ்சம்தான், அதையும் இந்த எடை தின்றுவிடுகிறது. அதனால் இரண்டாவது கடையில் ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஃபிரேமை அரைவட்டமாக வெட்டி, கனமான தகடு வைத்துப் பலப்படுத்தும் சி-நாட்ச் செய்தார்கள். அப்புறம்தான் ஏர் லிஃப்ட் கம்பெனி இறக்கிய வண்டிகளுக்கென்றே செய்யும் ஸ்லாம்ஏர் பைகளை மாட்டினோம். இந்த வரிசை முக்கியம், நாட்ச் இல்லாமல் பையை மட்டும் நம்பாதீர்கள்.

பைகளில் காற்றழுத்தம் காலியாக ஓடும்போது 10 பிஎஸ்ஐ, போட்டோடு 35. டேப்பை வைத்து மட்கார்டு விளிம்பின் உயரத்தை மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளப்பேன், இப்போது அரை இன்ச்சுக்கு மேல் இறங்குவதில்லை. முன்பு மூன்று இன்ச் தொங்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். போட்டைக் கழற்றியதும் காற்றை இறக்க மறந்தால் மட்டும் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். இடது, வலதுக்குத் தனித்தனி காற்று டியூப் போட்டது நல்லதாகப் போயிற்று, ஒரு பக்கம் கசிந்தாலும் சோப்புத் தண்ணீர் தெளித்து உடனே கண்டுபிடிக்கலாம். டியூபை எக்ஸாஸ்ட் பைப் பக்கம் விடவே விடாதீர்கள், உருகிவிடும்.

ஒன்று, கதவு ஸ்டிக்கரில் உள்ள எடை வரம்பை இந்தப் பை ஒரு பவுண்டுகூட ஏற்றாது. உயரத்தை மட்டும் சரிசெய்யும், பிரேக்கும் ஆக்ஸிலும் பழையவைதானே. இன்னொன்று, ஹிட்ச்சும் சேர்ந்து இறங்கிவிடுவதால் ட்ரெய்லர் உட்காரும் உருண்டையைத் தாங்கும் பழைய பால் மவுண்ட்டில் ட்ரெய்லரின் மூக்கு குனிந்து நின்றது, நேரான ஒன்று வாங்கி மாற்றினேன்.

போட்டைத் தண்ணீரில் இறக்கும் சரிவில் ஹிட்ச் இன்னும் சில நேரம் தரையில் உரசத்தான் செய்கிறது. அங்கே போனதும் 60 வரை காற்று ஏற்றிக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில் ரிவர்ஸ் எடுக்கிறேன்.