கோவையில் ஈவென்ட் வேலை, வண்டியோடு வாங்க என்று கூப்பிட்டால் மலை இறங்கும் முன் இதைப் படிங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்திலிருந்து கோவைக்கு ஈவென்ட் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகள், குறிப்பாகச் சொந்த வண்டி வைத்திருப்பவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பொங்கல் கூட்டம் போனதும் இங்கே லாட்ஜ், கடை வேலை எல்லாம் படுத்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் ஈவென்ட் வேலை என்று ஆள் கூப்பிடும் இந்த ஆட்கள் வருகிறார்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கோஆர்டினேட்டர் போட்ட, நாங்கள் நம்பிப் போன மெசேஜ் இது: கோவையில் கண்காட்சி, ஸ்டால் போடணும், வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கணும், முடிந்ததும் பிரித்து ஏற்றணும், ஆளுக்கு நாளைக்கு 900 ரூபாய், சாப்பாடு, தங்க இடம், வண்டியோடு வந்தால் பெட்ரோல் காசு தனி. காலை ஏழு மணிக்கு ஹாலில் இருக்கணும், லேட்டானால் அரை நாள் சம்பளம் கட்.

ஏழு மணிக்கு அங்கே நிற்கணும் என்றால் ஊட்டி காந்தலில் விடியலுக்கு வெகு முன்னாலேயே வண்டியை எடுக்கணும். ஜனவரி உறைபனி தெரியும்தானே, எங்கள் ஆம்னி வேன் கண்ணாடி முழுக்க வெள்ளை, வைப்பர் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. சுடுதண்ணீர் ஊற்றினால் விரிசல் விழும் என்பதால் இன்ஜினை ஓடவிட்டுப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுத்தோம், விரல் மரத்துப்போனது. குன்னூர் தாண்டியதும் மூடுபனி, முன்னால் போன காய்கறி லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, 14 கொண்டை ஊசி வளைவையும் செகண்ட் கியரிலேயே இறங்கினோம். பிரேக் வாடை வந்ததால் பர்லியாறில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் கிளம்பினோம், அதுவும் யானை நடமாடும் இடம்.

சரி, ஹாலுக்குப் போனால் பேச்சே மாறிவிட்டது. முதல் நாள் செட்டப் மட்டும்தானாம், பாதிச் சம்பளமாம். டீ-ஷர்ட், டேக் இரண்டுக்கும் ஆளுக்கு 500 ரூபாய் டெபாசிட், உடனே ஜிபே பண்ணணும், முடிந்ததும் திருப்பித் தருவாராம். மெசேஜைக் காட்டிக் கேட்டதற்கு, "இஷ்டமில்லன்னா திரும்பிப் போங்க" என்றார் அந்தக் கோஆர்டினேட்டர்.

அவர்கள் பிழைப்பே இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெட்ரோல் அடித்தாகிவிட்டது, அந்தக் குளிரில் மலை இறங்கியாகிவிட்டது, கூட நம்மை நம்பி வந்தவர்கள் நிற்கிறார்கள், யார் வண்டியைத் திருப்புவார்கள்? உள்ளூர்ப் பையன் என்றால் டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவான். நம்மால் முடியாது என்று தெரிந்துதான் மலையிலிருந்து ஆள் எடுக்கிறார்கள்.

தங்க இடம் என்று காட்டியது அட்டைப்பெட்டி அடுக்கிய ஒரு ஸ்டோர் ரூம். எங்களோடு வந்த பெண்ணுக்கும் அதே ரூம்தானாம்! நல்லவேளை துடியலூரில் அவளுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். நம்ம வண்டியிலேயே சாமான் ஏற்றி ஊர் முழுக்க ஓடவும் வைத்தார்கள், அதற்குப் பைசா கிடையாது.

முடிந்த அன்று பாதிப் பணம் வந்தது. மீதி, கிளையண்ட் பேமெண்ட் வந்ததும் போடுகிறேன், 45 நாள் ஆகும் என்றார். டெபாசிட், பெட்ரோல் பற்றிக் கேட்டதும் நம்பர் பிளாக். ஹாலில் கேட்டால், ஆள் எடுத்த ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டோம் என்று கையை விரிக்கிறார்கள்.

45 நாள் கதையை நம்பாதீங்க. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில், தினக்கூலி என்றால் அந்த ஷிஃப்ட் முடியும்போதே கொடுக்கணும் என்றே இருக்கிறது. கோவைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். மெசேஜ் ஸ்க்ரீன்ஷாட், ஜிபே ரசீது, டேக் போட்டு ஸ்டாலில் நின்ற போட்டோ மூன்றையும் வைத்தோம், நீங்களும் எதையும் அழித்துவிடாதீங்க. டெபாசிட் பணத்துக்கு, ஆன்லைன் பண மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் சொல்லியிருக்கிறோம்.

அதே "வண்டியோட வாங்க" மெசேஜ் இப்போது வேறு நம்பரிலிருந்து குரூப்பில் சுற்றுகிறது. வந்தால் பெட்ரோல் காசையும் முதல் நாள் சம்பளத்தையும் முன்கூட்டியே போடச் சொல்லுங்க, கண்காட்சி நடத்துகிறவர் பெயரையும் நம்பரையும் கேளுங்க, அவரிடமே பேசுங்க. அப்புறம், பெண்கள் வந்தால் ரூம் போட்டோ இல்லாமல் சரி சொல்லாதீங்க. இழுத்தடித்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.