கைக்கு எட்டாத பூனைக்கு வைத்தியம்: தட்டில் மருந்தா, கூண்டா, வீடா?

தட்டு வைத்தால் வரும். கை நீட்டினால் காருக்கு அடியில் போய்விடும். மும்பையில் செம்பூர், சயான் கோலிவாடா, தாராவி என்று நம் தமிழ் ஆட்கள் இருக்கும் பக்கமெல்லாம் காம்பவுண்டுகளில் இந்த ரகப் பூனைகளைப் பார்க்கலாம். கண்ணில் பீளை கட்டி, மூக்கு ஒழுகி, காலில் சீழ் வைத்து அது வந்து நிற்கும்போதுதான் சிக்கல். சாப்பாட்டில் மருந்து கலப்பதா, கூண்டு வைத்துப் பிடித்து டாக்டரிடம் போவதா, தேறும்வரை வீட்டில் அடைத்து வைப்பதா? மூன்றையும் செய்பவர்கள் எங்கள் செம்பூரில் இருக்கிறார்கள். நான் கூண்டுக் கட்சி.

"அக்கா, மீனுக்குள்ள மாத்திரையை வெச்சுட்டா போதாதா? எதுக்குப் பிடிச்சு இம்சை பண்ணணும்?" என்று கீழ்வீட்டுத் தம்பி கேட்பான். குடல்புழுவுக்கு அவன் சொல்வது சரி. பூனைக்குப் பசி இருக்கும், மருந்தும் பெரும்பாலும் ஒரு வேளையோடு முடிந்துவிடும். வாலுக்கு அடியில் அரிசிமணி மாதிரி ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. அதற்குப் பிராசிகுவான்டெல் கலந்த மருந்தாகப் பார்த்து வாங்க வேண்டும். எடையை உத்தேசமாகச் சொல்லி டாக்டரிடம் அளவு கேட்டுக்கொண்டால் போதும்.

சளிக்கு இந்த வழி கைகொடுக்காது. பூனை வாசனை பிடித்துத்தான் சாப்பிடும். மூக்கு அடைத்த பூனை பாங்கடா (அயிலை) மீனைக்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். மருந்து எப்போது கட்டாயம் தேவையோ, அப்போது அது வயிற்றுக்குள் போகாது. அப்புறம், ஒரு காம்பவுண்டில் ஒரு பூனையா இருக்கிறது? தாட்டியான கடுவன் முதலில் வந்து தட்டைக் காலி செய்யும், நோயாளி ஓரமாக நிற்கும். ஆன்டிபயாடிக் இப்படி ஒரு வேளை உள்ளே, இரண்டு வேளை வெளியே என்று போனால் கொடுத்ததற்கே பலன் இல்லை. பாலில் கரைத்து வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளின் வேலையைப் பால் குறைத்துவிடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் பேதியும் ஆகும். நம் மாத்திரை டப்பாவிலிருந்து எதையும் எடுக்கவே கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

கூண்டு வைப்பது பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். கதவு விழுந்ததும் பூனை முட்டி மோதும். உடனே ஒரு பழைய படுக்கை விரிப்பை மேலே போட்டு நாலு பக்கமும் மூடிவிடுங்கள். சற்று நேரத்தில் சத்தம் நின்று, பூனை மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துவிடும். இருட்டில் அதற்குப் பயம் குறைகிறது. கையால் பிடிக்கும் வேலையே வேண்டாம். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே போய் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.

ஒரு தடவை மாட்டிய பூனை மறுபடி சுலபத்தில் மாட்டாது. அதனால் கிடைத்த அந்த ஒரு வாய்ப்பில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். டாக்டர் மயக்க ஊசி போட்டதும், அந்த மயக்கத்தில் இருக்கும்போதே காயத்தைச் சுத்தம் செய்து, வாயைத் திறந்து பார்த்து, ரேபிஸ் ஊசியும் போட்டுவிடலாம். ஒரே ஊசியில் ஏறத்தாழ இரண்டு வாரம் உடம்பில் நின்று வேலை செய்யும் ஆன்டிபயாடிக்கும் உண்டு. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், தெருப்பூனைக்கு அதைவிட வசதி இல்லை. உடம்பு தாங்கும் என்று அவர் சொன்னால் கருத்தடையும் அப்போதே. காது நுனியை வெட்டி அடையாளம் வைத்துவிட்டால் அதே பூனையை இன்னொருவர் பிடித்து வயிற்றைக் கிழிக்கும் கொடுமை நடக்காது. நாலைந்து மாதக் குட்டியே சினை பிடித்துவிடுகிறது, சினைக்காலமோ ஒன்பது வாரம்தான். ஓயாமல் ஈன்று நோஞ்சானாகும் பெட்டைக்குக் கருத்தடையே பெரிய வைத்தியம். மடி கனத்துப் பால் கட்டியிருக்கும் தாயை மட்டும் குட்டிகள் எங்கே என்று தெரியாமல் தூக்காதீர்கள்.

வாய் விஷயத்தில் கூண்டுக்கு மாற்றே கிடையாது. பசியோடு தட்டுக்கு வரும், ஒரு வாய் கவ்வும், கத்திக்கொண்டு பின்னால் துள்ளும், எச்சில் நூலாக வடியும். பார்ப்பவர்கள் விஷம் வைத்துவிட்டார்கள் என்று பதறுவார்கள். பெரும்பாலும் ஈறு அழற்சியாக இருக்கும். முற்றிய கேஸில் பற்களைப் பிடுங்கினால்தான் நிம்மதி. தட்டில் எந்த மருந்தை வைத்தும் அது தீராது.

வீட்டில் அடைத்து வைப்பதில் அன்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் மனித வாடையே ஆகாத பூனைக்குப் பாத்ரூம் ஒரு ஜெயில். கமோடுக்குப் பின்னால் போய்ப் பதுங்கும், சாப்பாட்டைத் தொடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும். ஹெர்பிஸ் வைரஸால் வரும் சளியோ, மன அழுத்தத்தில் இன்னும் கிளம்பும். வீட்டில் வேறு பூனை இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. பூனைகளுக்கு உயிர்க்கொல்லி வாந்திபேதியைக் கொடுக்கும் பான்லுகோபீனியா வைரஸ் தரையில் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும். நாம் வழக்கமாகத் துடைக்கும் பினாயிலை அதற்கு நம்ப முடியாது, அது பூனைக்கும் விஷம். நீர்த்த பிளீச்தான் வழி. இந்த முறை பொருந்துவது குட்டிகளுக்கு. எட்டு வாரத்துக்குள் வந்துவிட்டால் மனிதர்களோடு பழகிவிடும். தயங்காமல் எடுத்து வாருங்கள்.

எங்கே கொண்டுபோவது என்பதில் இரண்டு வழி. பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை இருக்கிறது, 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கேதான். பெரிய இடம், உள்நோயாளியாகச் சேர்க்கவும் முடியும். ஆனால் கூட்டம், நாய்க் குரைப்பு, பிற பிராணிகளின் தொற்று எல்லாமும் சேர்ந்தே வரும். செம்பூரிலிருந்து ஆட்டோ சயானோடு சரி, அப்புறம் டாக்ஸி பிடிக்க வேண்டும், கூண்டைப் பார்த்துவிட்டுச் சில டிரைவர்கள் நிறுத்தவே மாட்டார்கள். பக்கத்துத் தனியார் கிளினிக்கில் செலவு கூடும், அலைச்சல் குறையும். வீட்டுப்பூனை மட்டும் பார்த்துப் பழகிய டாக்டர்களும் உண்டு. முரட்டுப் பூனைக்குக் கூண்டுக்குள்ளேயே மயக்க ஊசி போடுவாரா என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள். சில்லறைக் காயத்துக்கு கிளினிக், பல நாள் படுக்க வேண்டிய கேஸுக்குப் பரேல் என்பது என் கணக்கு.

கிட்னி போன வயதான பூனைக்கு மட்டும் என் கட்சி மாறும். அதற்கு அடிக்கடி டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், தெருப்பூனையை ஒவ்வொரு முறையும் பிடித்து அதைச் செய்வது சித்திரவதை. மழையில்லாத ஒரு மூலை, நல்ல தண்ணீர், மசித்த மீன், அவ்வளவுதான் கொடுக்க முடியும். தண்ணீர்கூட இறங்காத நிலை வந்தால் வலியில்லாமல் முடித்து வைக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அதற்கும் கூண்டு வேண்டியிருக்கும், அந்த ஒரு தடவை.