லண்டன்–டோக்கியோ 11 மணி நேரமாம்! தூரக் கணக்கை நம்பி ஏமாந்த கதை

லண்டன் ஹீத்ரோவில் இருந்து டோக்கியோ ஹனேடா, அங்கிருந்து சப்போரோ. ஏஜென்ட் ஒருவர் இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாகப் போட்டு அழகான பிடிஎஃப் ஒன்றை அனுப்பினார். அதில் "தூரம் 9,600 கி.மீ., பயண நேரம் 11 மணி 10 நிமிடம்" என்று இருந்தது. காலை 9:30-க்குக் கிளம்பினால், கோடைக்காலத்தில் 8 மணி நேர வித்தியாசத்தையும் சேர்த்து, மறுநாள் விடிகாலை 4:40-க்கு ஹனேடா. சப்போரோ விமானம் 6:45-க்கு. இரண்டு மணி நேரம் இருக்கிறதே, பரவாயில்லை என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகு கேப்டன் அறிவிக்கிறார், பறக்கும் நேரமே 13 மணி 10 நிமிடமாம். வயிற்றைப் பிசைந்தது. இ-டிக்கெட்டைத் திறந்தால் வந்து சேரும் நேரம் 07:20 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது, அதைப் பார்க்காமல் பிடிஎஃப்பை மட்டும் பார்த்தது என் மடத்தனம்தான், ஆனால் டிக்கெட் போட்டவர் அதைப் பார்க்க வேண்டாமா?

அந்த 11:10 எங்கிருந்து வந்தது என்று அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 9,600 என்பது உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய வழி. அதை 900-ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் டாண் என்று 11:10. தூரம் காட்டும் தளங்கள் பலவும் இப்படித்தான் கணக்குப் போடுகின்றன. ஆனால் அந்தக் குறுகிய வழி ரஷ்யாவின் மேல் போகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு பிரிட்டன், ஜப்பான் விமானங்கள் ரஷ்யா மேல் பறப்பதில்லை. என் முன்னால் இருந்த திரையில் விமானம் துருக்கி, காஸ்பியன் கடல், கஜகஸ்தான், சீனா என்று சுற்றிக்கொண்டு போவதை நான் முழுக்க வேடிக்கை பார்த்தேன், தூக்கம் எங்கே வரும்.

காற்றும் இருக்கிறது. லண்டன்–நியூயார்க் சுமார் 5,550 கி.மீ.தான், ஆனாலும் போக 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம் என்கிற மாதிரி ஆகும், ஏனென்றால் மேலே ஜெட் ஸ்ட்ரீம் என்கிற பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிறது. தூரத்தை மட்டும் வகுத்தால் இது எப்படித் தெரியும்? ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கிய பின் கேட்டுக்கு வருவது எல்லாம் வேறு. டிக்கெட்டில் இருப்பது கேட்டில் இருந்து கேட் வரைக்குமான நேரம்.

விமானம் சரியாக 7:20-க்கே வந்தது. கொடுமையே அதுதான். லேட்டாக வந்திருந்தால்கூட யாரையாவது கேட்கலாம். ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருந்திருந்தால், நான் வந்து சேரும் முன்பே கிளம்பிவிடும் விமானத்துக்கு டிக்கெட் போடவே சிஸ்டம் விட்டிருக்காது. தனித்தனி டிக்கெட் என்பதால் சப்போரோ டிக்கெட் போனது போனதுதான், கவுண்டரில் புதிதாக வாங்கினேன்.

ஏஜென்டைக் கேட்டால் "நெட்ல அப்படித்தான் சார் காட்டுது" என்கிறார். சர்வீஸ் சார்ஜைக்கூடத் திருப்பித் தரவில்லை. அதனால் யார் என்ன அட்டவணை அனுப்பினாலும், பணம் கட்டும் முன் அந்த விமான நம்பரைப் போட்டு விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வந்து சேரும் உள்ளூர் நேரத்தைப் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

போன வாரம் நண்பர் ஒருவருக்கு அதே ஆள் அனுப்பிய பிடிஎஃப்பைப் பார்த்தேன். டோக்கியோவுக்கு இன்னும் 11 மணி 10 நிமிடம்தான்.