ஏஆர்-15 ஃப்ரண்ட் சைட் பின் கழற்றக் கடையில் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

டெக்சஸில் ரைஃபிள் வைத்திருக்கும் நம்ம ஆட்களுக்காக எழுதுகிறேன். என் ரைஃபிளைக் கெடுத்த கடை மீது, பணம் கட்டிய கார்டு கம்பெனியில் கொடுத்த புகார் இன்னும் முடியவில்லை, அதனால் கடையின் பெயரைப் போடவில்லை.

வேலை இதுதான். பேரலைச் (குழலை) சுற்றியிருக்கும் பழைய பிளாஸ்டிக் ஹேண்ட்கார்டை (கைபிடிக்கும் உறையை) எடுத்துவிட்டு, பேரலைத் தொடாமல் நிற்கும் ஃப்ரீ ஃப்ளோட் வகை போட வேண்டும். அதற்குப் பேரலை இறுக்கிப் பிடிக்கும் பழைய பேரல் நட் முன்பக்கமாகக் கழன்று வர வேண்டும், ஆனால் முன் குறிமுள்ளைத் தாங்கும் ஃப்ரண்ட் சைட் பேஸ் வழியை மறித்து நிற்கிறது. அதைக் கழற்றி, நட்டை மாற்றி, என்னுடைய பேஸையே திரும்பப் போடச் சொன்னேன்.

இந்த பேஸைப் பேரலோடு பிடித்து வைத்திருப்பது இரண்டே இரண்டு டேப்பர் பின்கள். ஒரு முனை தடிமன், மறு முனை ஒல்லி. பெரும்பாலும் தடித்த முனை வலப்பக்கம், அதாவது காலித் தோட்டா தெறிக்கிற பக்கம் இருக்கும், ஆகவே இடப்பக்கம் அடித்து வலப்பக்கமாக வெளியே தள்ள வேண்டும். மாற்றிப் போட்ட ரைஃபிள்களும் உண்டு என்பதால் வெர்னியரால் இரண்டு முனையையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் சுத்தியலையே எடுக்க வேண்டும். அளக்க ஒரு நிமிஷம் ஆகுமா?

அளக்கவில்லை. பின்கள் துருவேறி இறுகிவிட்டன, கூடுதல் கூலி ஆகும் என்று கடையிலிருந்து ஃபோன் வந்தது. சரி என்றேன், பின்கள் இறுகுவது எல்லாருக்கும் வருவதுதானே.

திரும்பி வந்த ரைஃபிளோடு ரேஞ்சுக்குப் போனால், கடைசித் தோட்டா சுட்ட பிறகு போல்ட் (தோட்டாவை உள்ளே ஏற்றும் பாகம்) பின்னால் நிற்கவில்லை, காலித் தோட்டாக்கள் சோம்பலாகக் காலடியிலேயே விழுகின்றன, நடுநடுவே அடுத்த தோட்டா ஏறாமல் மாட்டிக்கொள்கிறது. பின்பக்கத்து சைட்டை ஒரு ஓரத்துக்கே திருகித் தள்ளினாலும் குறி நடுவுக்கு வரவில்லை. ஃப்ரண்ட் சைட் முள்ளையோ மேலே மேலே திருகிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

வேறொரு ஊரில் இருக்கும் வயதான கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொண்டுபோனேன். மனுஷர் வைஸில் மாட்டி, பின்னால் இருந்து ஒரு பார்வை பார்த்தார்: பேஸ் சாய்ந்திருக்கிறது. பேரலில் இருக்கும் சின்னத் துளை வழியாக வாயு பேஸுக்குள் ஏறி, டியூப் வழியே பின்னால் போய் போல்ட் கேரியரைத் தள்ள வேண்டும். பேஸ் சாய்ந்தால் இரண்டு துளைகளும் நேருக்கு நேர் நிற்காது, தள்ளுவதற்குப் பலம் போதாது. குறி ஏன் ஓரம் போனது என்பதற்கும் அதுவே பதில்.

அப்படியானால் முள்ளை எதற்காக அவ்வளவு உயர்த்த வேண்டியிருந்தது? அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. என் ரைஃபிள் ஃப்ளாட் டாப், அதாவது மேலே கைப்பிடி இல்லாமல் தட்டையாக இருக்கும் வகை, அதற்கான பேஸ் பெரும்பாலும் கொஞ்சம் உயரம் கூடியது, ஓரத்தில் ஆங்கில 'எஃப்' எழுத்து அச்சாகி இருக்கும். என்னுடையதிலும் இருந்தது, வாங்கிய அன்று எடுத்த ஃபோட்டோவிலேயே தெளிவாகத் தெரிகிறது. இப்போது மாட்டியிருப்பதில் எஃப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

நடந்ததை அவர் கழற்றிக் காட்டினார். பேரலுக்கு அடியில் பின் போகிற பள்ளம் ஒரு பக்கம் டிரில் கடித்து அகன்று கிடந்தது. தடித்த முனையிலேயே அடித்து இன்னும் உள்ளே இறுக்கி, தலை நசுங்கியதும் டிரில் போட்டு, டிரில் வழுக்கி என் பேஸையும் கெடுத்திருப்பார்கள் என்பது அவர் கணிப்பு. அப்புறம் பெட்டியில் கிடந்த எவனுடைய பேஸையோ எடுத்து மாட்டியிருக்கிறார்கள். பேரலையும் பேஸையும் ஜோடியாக வைத்துத்தான் துளை போடுவார்கள், இன்னொன்றின் துளை சரியாகப் பொருந்தாது. அதைப் பொருந்த வைக்கச் சாதாரண நேர் பின்னை அரத்தால் ராவி அடித்து ஏற்றியிருந்தார்கள், அரம் போன கோடுகள் அப்படியே தெரிந்தன! இதற்குத்தான் கூடுதல் கூலி.

முறையாகச் செய்கிறவர் முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைப்பார், பேஸுக்கு அடியில் பின் இறங்க ஓட்டை உள்ள கட்டையை வைத்து அசையாமல் தாங்குவார், குட்டையான தடித்த பஞ்ச் வைத்து ஓங்கி ஒரே அடி. தட்டித் தட்டிக்கொண்டே இருந்தால் முனை மலர்ந்துவிடும், அதன் பிறகு அது வரவே வராது.

கடைக்காரர் சொல்கிற பதில்: "பேஸ் மாறியதற்கு என்ன ஆதாரம்?" நான் கொடுத்தது அப்பர், அதாவது பேரல் இருக்கும் மேல்பாதி மட்டும். சட்டப்படி துப்பாக்கி என்று கணக்காவது விசை இருக்கும் கீழ்பாதியான லோயர்தான், அதனால் அப்பர் வந்ததைக் கடைப் பதிவேட்டில் எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. பில்லில் "ஹேண்ட்கார்டு வேலை" என்று ஒரே வரி. ஆகவே கொடுக்கும்போதே பேஸின் இரு பக்கமும் ஃபோட்டோ எடுத்து, எஃப் முத்திரையையும் "கழற்றிய பாகம் திரும்ப வேண்டும்" என்பதையும் ரசீதில் எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

பள்ளம் கெட்ட பேரலில் இனி பின் போட முடியாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். இப்போது பேஸுக்குப் பதில், வாயுவை டியூபுக்குள் அனுப்பும், திருகு வைத்து இறுக்கும் கேஸ் பிளாக்தான் போட்டிருக்கிறது, ரைஃபிள் ஒழுங்காக ஓடுகிறது. என் பழைய பேஸைக் கேட்டேன், குப்பைக்குப் போய்விட்டதாம்.